வாலுள்ள வட்டம்

ஓரின் டோலஃப்சன் யாருடைய வேலையையும் லேசில் மெச்சிவிடுகிற மனிதர் இல்லை. முப்பத்தோரு வருஷம் மின்னசோட்டாவில் அந்தச் சின்ன ஊரில் வீடு வீடாகப் போய் ஹீட்டரும் புகைக்குழாயும் பழுது பார்த்தவர். குறை கண்ட இடத்தில் தட்டைப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். வட்டத்தின் முடிவில் சின்னதாக ஒரு வால் நீண்டிருக்கும். சர்ச்சில் கொடுக்கும் பாட்டுத்தாளில்கூட எழுத்துப்பிழையைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். பாதிரியாருக்கே அது பழகிப்போயிற்று.

ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரே ஆசை. கார் நிற்கும் கூடத்தைத் தச்சுப்பட்டறை ஆக்க வேண்டும். அதற்காக மூன்று வருஷம் கட்டம் போட்ட தாளில் திட்டம் போட்டார். ரம்பம், இழைப்பு மெஷின், வேலை மேசை எல்லாவற்றையும் அளவு பார்த்து அட்டையில் வெட்டி, ஆடுபுலி ஆட்டம் போல நகர்த்திக்கொண்டே இருந்தார். எட்டடிப் பலகை ரம்பத்தைத் தாண்டி வர இடம் வேண்டும். தூசி இழுக்கும் குழாய் அதிகம் வளையக் கூடாது, வளைந்தால் இழுப்பு செத்துப்போகும். எல்லாம் யோசித்தார், வேலையை மட்டும் தொடங்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு அட்டை ரம்பத்தால அட்டை மரம் அறுக்கிறாரு" என்று மனைவி மேரிட் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இந்த நேரத்தில்தான் மேரிட்டின் தம்பி லோவெல் தபாலாபீஸ் வேலையை முடித்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கி வந்தான். மனைவியை இழந்தவன், தனி ஆள். தன் வீட்டின் அடித்தளத்தில் பட்டறை போடப்போவதாகச் சொல்லி, ஜூன் மாதத்தில் ஒருநாள் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தான், நீங்க பாத்து சரின்னு சொன்னாத்தான் நான் ஆணி அடிப்பேன். குறை இருந்தா சொல்லிடுங்க."

ஓரின் தாளை விரித்தார். விரித்ததுமே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. குழாய் சுவரோரமாக நேராக ஓடியது. ஒவ்வொரு மெஷினுக்கும் திறந்து மூடும் தகடு. தூசி இழுக்கும் மெஷினோ, இழுத்த காற்றையும் தூளையும் சுவரைத் துளைத்து நேரே வெளியே தள்ளியது.

"தூசிப் பை மாத்துற ரோதனையே கிடையாது அத்தான். எல்லாம் வெளிய, தோட்டத்துல ஒரு பீப்பாய்க்குள்ள."

மூன்று வருஷமாக அட்டையை நகர்த்தியவனுக்குத் தோன்றாதது, தபால் சுமந்த பயலுக்குத் தோன்றியிருக்கிறதே! அப்போதுதான் ஓரினின் கை பழக்கதோஷத்தால் பென்சிலை எடுத்தது. தடுப்புக்குப் பின்னால் கேஸில் எரியும் வெந்நீர்த் தொட்டி இருந்தது. மெஷின் அறைக் காற்றையெல்லாம் வெளியே தள்ளினால், உள்ளே காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டால் தொட்டியின் புகைக்குழாய் வழியாகத்தான் வரும். மேலே போக வேண்டிய விஷப்புகை வீட்டுக்குள் இறங்கும். அவர் தொழிலே இதுதான், ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. தொட்டியைச் சுற்றி வட்டமும் போட்டுவிட்டார்.

"இது என்ன அத்தான்?"

வாய் வரைக்கும் வந்தது. பாழாய்ப்போன வயிற்றெரிச்சல் விடவில்லை.

"தொட்டி இருக்கிற இடம். சும்மா அடையாளத்துக்கு. நல்லாத்தான் போட்டிருக்க."

கோடைதானே, ஜன்னல் திறந்துதான் இருக்கும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டார். அதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது, அது நல்ல நினைப்பு இல்லை. ஊரில் இருபது பேர் சேர்ந்த மரவேலைச் சங்கம் ஒன்று உண்டு. வருஷா வருஷம் அக்டோபரில் ஒருவர் பட்டறையைப் பார்க்கப் போவார்கள். "அடுத்த வருஷம் என்னோடது" என்று மூன்று வருஷமாகச் சொல்லிவந்தவர் ஓரின். இந்த வருஷம் அவர்கள் லோவெல் பெயரைச் சொல்லிவிட்டார்கள். வருகிறவர்களில் எவனாவது அந்தத் தொட்டியைக் கண்டுபிடிக்கட்டும், பயல் முகத்தில் கரி பூசட்டும் என்று ஓரின் காத்திருந்தார்.

லோவெல் ஆறே வாரத்தில் பட்டறையை முடித்தான். மேரிட்டுக்கு வாய் ஓயவில்லை. "அங்க தரையில உக்காந்து சாப்பிடலாம், ஒரு பொட்டுத் தூசி இல்ல. என் தம்பிக்குக் கை அப்படி!" ஓரின் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சங்கம் வரவிருந்த சனிக்கிழமை காலையில் முதல் பனி கொட்டியது. ஊரில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. பூசணிக்காய் கேக் சுட்டு, காபி போட மேரிட் எட்டு மணிக்கே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஓரின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். பதினோரு மணிக்கு போன் வந்தது.

"ஏங்க, எனக்கு மண்டை பொளக்குது. குமட்டுது வேற. லோவெல் காலைலேந்து கீழ பலகை இழைச்சுக்கிட்டே இருக்கான். நான் செத்த நேரம் சோபாவுல சாயறேன்."

"சாயாத! வெளிய போ மேரிட்!"

"பனி கொட்டுதுங்க. கோட்டு எங்க வச்சேன்னு…"

"கோட்டு நாசமாப் போவட்டும், எழுந்து வெளிய போடி!"

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையாகிவிட்டது. அறுபட்டது தன் மூக்குக்கூட இல்லையே, அவள் உயிரல்லவா என்று நினைத்தபடி காரை விரட்டினார். மேரிட் சமையல் ஏப்ரனோடு வாசல் பனியில் உட்கார்ந்திருந்தாள். மெஷின் சத்தத்தில் தான் கூப்பிட்டது தம்பிக்குக் கேட்கவில்லை என்று அழுதாள். ஓரின் மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இறங்கினார், மெஷின் சுவிட்சை அணைத்தார். முக்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்த லோவெலைப் படிப்படியாக இழுத்து வெளியே கொண்டுவந்தார். தீயணைப்புக்காரர்கள் வந்து இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். தீப்புகைக்கும் விஷப்புகைக்கும் சேர்த்து அலறும் கருவியை, சுவர் பூசியபோது தூசியில் கத்துகிறது என்று லோவெல் கழற்றிப் பெட்டியில் போட்டிருந்தான். நல்லவேளை, இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

சங்கம் அடுத்த சனிக்கிழமை வந்தது. பட்டறையில் இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. எல்லோரும் கோட்டோடு நின்று கேக் தின்றார்கள்.

"எங்க அத்தான் இல்லேன்னா இன்னிக்கு எனக்குச் சவ அடக்கம்தான் நடந்திருக்கும்! போன்ல தலைவலின்னு கேட்டதுமே என்ன விஷயம்னு கண்டுபிடிச்சுட்டாரு, என்னா மூளை!" என்றான் லோவெல். கைதட்டல் எழுந்தது. மூன்று வருஷமாக ஓரின் ஏங்கிய கைதட்டல் அது.

மேரிட் கை தட்டவில்லை. சுவரில் லோவெல் ஆசையாகக் குத்தி வைத்திருந்த திட்டத்தாளின் முன்னால் நின்றாள். நாற்பது வருஷம் பார்த்த வால் அது, அவளுக்குத் தெரியாதா?

"இது எப்பப் போட்டது?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஜூன்ல."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் இங்க தினம் வந்து போயிட்டிருந்தேனே" என்றாள். பிறகு, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றீங்களான்னு பாக்கறேன்" என்றாள்.

ஓரின் கேக் தட்டை வேலை மேசையில் வைத்தார்.

"லோவெல், கை தட்டவேணாம்னு சொல்லு. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் வட்டம் போட்டேன். உன்மேல பொறாமை. வாயைத் திறக்கல."

ஜன்னல் வழியாகக் குளிர் வந்துகொண்டிருந்தது. லோவெல் தாளருகே போய் அந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"நான் குறை இருந்தா சொல்லுங்கன்னுதானே அத்தான் கொண்டு வந்தேன்" என்றான்.