இடது கண்ணில் நின்றவர்

வாப்பாவை அடக்கம் செய்து சில வாரங்கள் போயிருந்தன. உம்மா கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருந்தா. நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்ட மாட்டா. இத்தா முடிந்தாலும் எங்கள் மடவளைப் பக்கத்தில் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. வாப்பா மண்ணுக்குள் இருக்கும் கபுறைப் போனில் படமெடுத்துக் காட்டினேன். உம்மாவுக்குப் போதவில்லை.

"எல்லாம் சுவர்ல பூசின மாதிரி ஈக்கி. அவருக்குப் பக்கத்துல நிண்டு பாக்குற மாதிரி ஒருக்காப் பாக்கோணும்."

வேறு யாராவது என்றால் கையை விரித்திருப்பார்கள். நானோ பழைய கெமரா இரண்டை ஒரு பலகைத் துண்டில் பூட்டி, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆழம் தெரிகிற மாதிரி, கண்ணுக்கு ஒன்றாகப் படமெடுக்கும் பைத்தியத்தில் இருந்தவன். அதுவரை அந்தக் கருவி எடுத்த சிறந்த படம் எங்கள் கோழியின் பின்பக்கம். "ரெண்டு கெமராவுல எடுத்தாலும் ஒரு கோழிதானே" என்பது மனைவியின் விமர்சனம்.

மழை விட்ட ஒரு காலையில் மையவாடிக்குப் போனேன். தலைமாட்டில் நட்ட பச்சைக் கொப்பு கைக்கெட்டும் தூரத்தில். பின்னால் கபுறு. அதற்கும் பின்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலை. சாதாரணப் படத்தில் மலை மங்கினால் அழகு. இதில் அப்படியில்லை. பார்ப்பவரின் கண் உள்ளே நடந்து திரியும்; மங்கலான இடத்தில் முட்டி நின்றுவிடும். ஆகவே கொப்பிலும் இல்லாமல் மலையிலும் இல்லாமல், கபுறுக்குச் சற்று அப்பால் ஃபோக்கஸ் வைத்து, லென்ஸின் துளையை இயன்ற மட்டும் சிறிதாக்கினேன். சிறிய துளைக்கு வெளிச்சம் போதாது. நேரம் எடுத்துத்தான் படம் பதியும். கை பட்டால் ஆடும் என்று இரண்டிலும் டைமர் வைத்தேன்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாட்களில்தான் எனக்குப் பயம். இரண்டையும் அழுத்த நேரம் கிடைக்கட்டும் என்று, முதலில் அழுத்தும் இடதில் நீண்ட டைமர், வலதில் குறுகியது. வலது 'கிளிக்' என்றதும் இரண்டும் முடிந்ததாக நினைத்து, கபுறுக்குப் பக்கத்தில் போய்க் கையேந்தினேன்.

கட்டுகஸ்தோட்டை ஸ்டூடியோவில் படங்களைக் கழுவி வந்து, சப்பாத்துப் பெட்டியில் இரண்டு பூதக்கண்ணாடி வைத்த என் பார்வைப்பெட்டிக்குள் செருகிப் பார்த்தேன். கொப்பின் நுனியில் மழைத்துளி தெரிந்தது. மலையில் மரம் மரமாகத் தெரிந்தது. கபுறுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்றார். சட்டைக்குள்ளால் புல் தெரிந்தது. இருந்தார், இல்லை, இருந்தார். வாப்பாவின் தோள்.

தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதினேன். தெரிந்தது எவ்வளவு குறைவு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஒளித்து வைக்கவும் மனம் வரவில்லை. உம்மா முகம் கை கால் கழுவி ஒளுச் செய்து, முக்காட்டை இழுத்துவிட்டு, மண்ணுக்குள் இருக்கும் கபுறாளிகளுக்குச் சலாம் சொல்லிவிட்டுத்தான் பெட்டிக்குள் பார்த்தா.

"உம்மா, பக்கத்துல யாரும் தெரியுதா?"

"நீதானே நிக்கிறாய்."

"வாப்பாட சட்டை மாதிரி..."

"அவர்ட சட்டையைத்தானே உனக்குத் தந்தன். அவர் ஒரு நாளும் இப்புடிக் கூனி நிண்டதில்ல."

டைமர் ஞாபகம் வந்தது. இடது கெமரா திறந்திருந்த நேரத்தில் பாதிதான் நான் அங்கே நின்றிருக்கிறேன். அதனால்தான் பாதி ஆள்; வலது படத்தில் நான் இல்லவே இல்லை. சத்தமாகச் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

"மகன், அதுல நிக்காத."

"படத்துலதானே, உம்மா."

"அந்த எடம் இன்னும் வெறுசாவா ஈக்கி?"

"ஓ."

"அப்ப பள்ளிவாசல்ல எனக்குக் கேட்டு வை."

பஸ் சீட்டில் கைலேஞ்சி போட்டு இடம் பிடிக்கிற மாதிரியா என்று கேட்க வாய் வரை வந்தது.

"நான் இல்லாம திரும்ப எடுத்துட்டு வாறன்" என்றேன்.

உம்மா இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, நான் இல்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.