மலாயில் வந்த பதில்

1979இல் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும் வழியில் லாசரஸ் சிராங்கூன் சாலையில் மயங்கி விழுந்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மேற்பார்வையாளர். மூளையில் ரத்தக் கட்டு என்றார்கள். சில வாரங்கள் கழித்துப் பேச்சு திரும்பியபோது தமிழைக் காணோம். துறைமுகத்தில் லாரிக்காரர்களை விரட்டிய மலாய் மொழிதான் வந்தது.

தமிழில் கேட்டால் புரிந்துகொள்வார். பதில் மலாயில் வரும். மனைவி ரூபி உள்ளுக்குள் குமைந்தாள். தன்னோடு பேசிய பேச்செல்லாம் போய், வேலையிடத்துப் பேச்சு மட்டும் எப்படித் தங்கியது?

மூளையும் மொழியும் பற்றி ஆராய்ந்துவந்த டாக்டர் அப்துல் கஃபார் வீட்டுக்கே வந்து, படங்களைக் காட்டி லாசரஸிடம் பெயர் கேட்பார். ஒருநாள் அவரிடம் ரூபி கேட்டுவிட்டாள்.

“என்னைப் பிடிக்காமப் போயிடுச்சா டாக்டர்?”

“பாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லக்கா. தமிழ் உள்ளதான் இருக்கு, வெளிய வர முடியல. மலாய் மட்டும் ஏன் தப்பிச்சதுன்னு எங்களுக்கே தெரியல.”

படித்தவர் வாயிலிருந்து வந்த அந்தத் ‘தெரியல’ அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

பிறகு டாக்டர் தயங்கியபடி சொன்னார்: “அடுத்த மாசம் வெளிநாட்டு டாக்டருங்க வர்றாங்க. அண்ணனை மேடையில உக்காரவச்சுப் பேசச் சொல்லணும். நீங்க சம்மதிச்சாப் போதும்.”

“அவருக்குப் பேச்சுதான் போச்சு, புத்தி போகல. அவரையே கேளுங்க.”

டாக்டர் முகம் சிவந்தது. நாற்காலியை லாசரஸ் பக்கம் திருப்பிப் போட்டு, மலாயில் நிதானமாக விளக்கினார். லாசரஸ் வெகுநேரம் யோசித்தார்.

“தா மாவ்,” என்றார். வேண்டாமாம். பிறகு தரையைக் காட்டினார். சோதனையெல்லாம் இங்கே, இந்த வீட்டில் செய்துகொள்ளலாம் என்று அர்த்தம்.

டாக்டர் வற்புறுத்தவில்லை. குரலைப் பதிவு செய்து, பெயர் சொல்லாமல் போட்டுக்காட்டலாமா என்று கேட்டார். அதற்கு லாசரஸ் தலையாட்டினார்.

அந்தப் பதிவுகளின்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது: ஜெபங்கள் மட்டும் தமிழில், ஒரு சொல் தட்டாமல் வந்தன. டாக்டர் வியந்துபோனார். ரூபி அழுதாள். ஆனால் ஜெபத்தில் கணவனோடு எப்படிச் சண்டை போடுவது? தேக்கா சந்தையில் மீன் வாங்கப் பழகிய மலாயை வைத்தே அவரோடு பேசத் தொடங்கினாள். அவள் தப்பாகச் சொன்னால் அவர் திருத்துவார். சிரிப்பார்.

1986இல் அவர் கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோது, ரூபியைப் பார்த்து, “சூடா மக்கான்?” என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

“சூடா,” சாப்பிட்டாயிற்று என்றாள் ரூபி. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.