டெய்லர் அக்காவும் பக்கத்துத் தோட்டமும்

டெய்லர் அக்கா வெட்டினால் பிசகாது என்று தெருவே சத்தியம் செய்யும். வாசல் அறையில் ஒரு மெஷின், ஜன்னலோரம் வெட்டு மேசை, தலைக்கு மேலே கம்பியில் தொங்கும் ஜாக்கெட்டுகள். புருஷன் போன பிறகு அந்தப் பெயர் ஒன்றுதான் அவளுக்குச் சோறு போட்டது.

பக்கத்து வீட்டு டப்பா மாமாவின் பெயர் நேர்மாறு. தனிக்கட்டை. பார்த்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவார். அதைத் தோட்டம் என்று சொல்வதே பாவம்: துருப்பிடித்த டின்கள், ஓட்டை வாளிகள், காலொடிந்த நாற்காலிகள். மழை பெய்தால் போதும், கொசு படையெடுத்து வந்து அக்காவின் காலைப் பிடுங்கும். பெடலை மிதிக்க விடாது.

"மாமா, இதையெல்லாம் எடுத்துப் போடுங்களேன், புண்ணியமாப் போகும்."

"ஆகட்டும்மா. ஒண்ணொண்ணா சரி பண்ணி யாருக்காவது குடுத்துடறேன்."

ஆகட்டும் ஆகட்டும் என்றே வருஷம் ஓடியது.

இதற்கு நடுவில்தான் அதே தெரு டீச்சரின் பூப்போட்ட பட்டுத்துணி ஜாக்கெட் தைக்க வந்தது. துணியை மடித்துப் போட்டு வெட்டினால் ஜாக்கெட்டின் வலக்கையும் இடக்கையும் தானாக வந்துவிடும். மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அக்கா துணியை ஒற்றையாக விரித்தாள். ஒரு கையை வெட்டினாள். மறுகைக்கு அளவுத் தாளைத் திருப்பிப் போட வேண்டாமா? மறந்து தொலைத்தாள். இரண்டும் இடக்கை!

தப்பு நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "கடைக்காரன் துணியைக் குறைச்சுக் குடுத்துட்டான் டீச்சர், கைக்குப் பத்தல" என்று கூசாமல் புளுகிவிட்டாள். டீச்சர் நேரே கடைக்குப் போய் அந்த மனுஷனை நாறடித்துவிட்டு வந்தார்.

கெட்டுப்போன கைகளைத் தெருத் தொட்டியில் போட்டால் யார் கண்ணிலாவது படும். சுருட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினாள். குப்பையோடு குப்பை, யார் தேடப் போகிறார்கள்? அப்புறம் ஒரு காலர், ஒரு கழுத்து என்று பிசகியதெல்லாம் மதிலேறிக் குதித்தது.

இத்தனையும் செய்துவிட்டு, தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு மாமாவின் குப்பையைப் பற்றி நகராட்சியில் புகார் கொடுக்கப் போனவளும் அவளேதான். துணியெல்லாம் இந்நேரம் மக்கிப் போயிருக்கும் என்று ஒரு தைரியம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

நகராட்சி லாரி வந்தது. தெருவே வேடிக்கை பார்க்கக் கூடியது. டப்பா மாமா வாசற்படியில் உட்கார்ந்து, போகிற ஒவ்வொரு சாமானையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓர் ஆள் பெரிய டின் ஒன்றின் மூடியைத் திறந்தான். உள்ளே துணிகள், நனையாமல், அழகாக மடித்து அடுக்கியபடி.

அவற்றைப் பார்த்ததும் அக்கா கூட்டத்துக்குள் பின்னால் நகர்ந்தாள்.

டீச்சர் பாய்ந்து போய் எடுத்தார். "இது என் பட்டுத்துணியாச்சே! உங்ககிட்ட எப்படி வந்தது?"

மாமா அக்காவை ஒரு தடவை பார்த்தார். "குப்பையில கிடந்துச்சு. நல்ல துணியா இருக்கேன்னு எடுத்து வெச்சேன்."

"குப்பையில பட்டு கிடக்குமா? அக்கா அசந்த நேரம் உள்ள பூந்து திருடியிருக்கீங்க. இந்த வயசுல இது தேவையா?"

ஆளாளுக்குத் திருடன் என்றார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போதும் வாயைத் திறக்காமல்தான் நின்றாள். கடைசி நாற்காலியும் லாரியில் ஏறிய பிறகுதான் குரல் வந்தது.

"அவர் எடுக்கல. நான்தான் வெட்டிக் கெடுத்துட்டு, மதிலுக்கு மேல வீசினேன்."

டீச்சர் அவள் தோளைத் தொட்டார். "பாருங்க இவங்க மனசை! பக்கத்து வீட்டு மனுஷனாச்சேன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறாங்க."

சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சொல்லத்தான் சொன்னோமே, இனி நம்பாதது அவர்கள் பாடு என்று அக்காவுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல ஆனது.

டின்னிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, பூப்பக்கம் மேலே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். "பாருங்க டீச்சர். ரெண்டும் இடக்கை. திருடினவர் இப்படி வெட்டியிருக்க முடியுமா?"

டீச்சர் இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ அந்தக் கடைக்காரரை நான் அத்தனை பேர் முன்னாடி..." விறுவிறுவென்று அக்காவின் வாசல் அறைக்குள் போய், புதிதாகத் தைக்கக் கொடுத்திருந்த துணியை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் தங்கள் துணியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

லாரி கிளம்பிவிட்டது. அக்கா டப்பா மாமாவின் எதிரே போய் நின்றாள். "மாமா, என்னை மன்னிச்சிடுங்க. எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிட்டேன்."

"அது சரிம்மா" என்றார் மாமா, வெறும் தரையைப் பார்த்தபடி. "என் சாமானையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"