ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில், வடக்கே நாட்டின் தலைநகரில், சரோஜினி நகர்ப் பூங்காக்கள் என் பொறுப்புக்கு வந்தன. தோட்டக்கலைப் பிரிவில் செக்‌ஷன் ஆபீசர் என்றதும் ஊரில் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டார்கள். சில தோட்டக்காரர்கள், ஒரு நீள ரப்பர் குழாய், ஓடாத ஒரு புல்வெட்டும் மெஷின். என் ராஜ்யம் அவ்வளவுதான்.

சேர்ந்த வாரமே குடியிருப்போர் சங்கத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். கும்பகோணத்துக்காரர், பெரிய அதிகாரி.

"என்னய்யா பார்க் வெச்சிருக்கீர்? ஞாயித்துக்கிழமை மத்தியானம் பார்த்தா ஒரே வேலைக்காரிகள் கூட்டம். புல்லெல்லாம் போயிடுத்து."

"பப்ளிக் பார்க் சார். யாரையும் போகச் சொல்ல ரூல் இல்லை."

"ரூல் எதுக்கு? அவா வர நேரத்துக்குத் தண்ணியைத் திறந்து விடும்!"

அவர் சொன்ன கூட்டம், பக்கத்துக் குடிசைகளில் இருந்த சேலத்துப் பெண்கள். வாரம் முழுக்க வீடு வீடாகப் பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் லீவு. வேர்க்கடலை தின்பார்கள், பேன் பார்ப்பார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். புல்லை விட அந்தச் சிரிப்புதான் தலைவரை உறுத்தியது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அடுத்த ஞாயிறு குழாயைத் திறந்தேன். கொளுத்துகிற மே மாதம். எல்லோரும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். தலைவர் வீட்டிலேயே வேலை செய்த ராஜம்மா மட்டும் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை நீட்டினாள்.

"வெயிலுக்கு ஜம்முனு இருக்குதுங்க சார். மகராசனா இருப்பீங்க. அந்தப் பக்கமும் கொஞ்சம் விடுங்க!"

அதற்கடுத்த ஞாயிறு கூட்டம் இரண்டு மடங்கு. புல்லும் பச்சைப்பசேல் என்று தழைத்துவிட்டது.

தலைவர் தன் மனைவியோடு நேரிலேயே வந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன். ராஜம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கையில் ஒரு செருப்பு. அதைக் காதில் வைத்துக்கொண்டு, "எஸ் சார்... எஸ் சார்..." என்று ஒவ்வொரு எஸ்ஸுக்கும் இன்னும் கொஞ்சம் வளைந்தாள். பிறகு போனை வைப்பதுபோல் செருப்பைக் கீழே வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, "காபி எங்கேடீ?" என்று ஒரு அதட்டல் போட்டாள். குரல் அச்சு அசல் தலைவருடையது.

பெண்கள் யாரும் சிரிக்காததைப் பார்த்துத் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது.

தலைவரின் மனைவி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அது தலைவரை இன்னும் கொதிக்க வைத்தது.

"நாளைலேருந்து ஆத்துப் பக்கம் வராதே!"

ராஜம்மா செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் அந்த வீட்டுக்கு வேறு ஆளும் கிடைக்கவில்லை. யாரைக் கேட்டாலும், "அது ராஜம்மா வீடுங்க, நாங்க எப்படிப் போறது?" என்றார்கள். தலைவர் வீட்டுப் பால்கனியில் தலைவரே வேட்டி பிழிவதைக் காலனியே பார்த்தது.

ஒரு ஞாயிறு தலைவரின் மனைவி தனியாகப் பூங்காவுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் தடுமாறி ராஜம்மாவிடம் போனார்.

"ராஜம்மா, நாளைக்கு வந்துடேன். மாமா ஒண்ணும் சொல்லமாட்டார்."

ராஜம்மா நகர்ந்து இடம் விட்டாள். "இன்னிக்கு லீவுங்கம்மா. வேலைப் பேச்செல்லாம் நாளைக்கு. உட்காருங்க, கடலை எடுத்துக்கோங்க."

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஈரத்திலேயே உட்கார்ந்தார். கடலையை உடைத்தபடி, தணிந்த குரலில் கேட்டார்: "அந்த போன்ல பேசறதை இன்னொரு தரம் பண்ணிக் காட்டேன்."

மறுநாளே ராஜம்மா வேலைக்குத் திரும்பினாள். தலைவர் அதன்பின் புல்லைப் பற்றிப் பேசியதே இல்லை. பிரிவுக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: யாராவது புல் கெடுகிறது என்று வந்தால், புல்லுக்குத் தண்ணீர் விடுங்கள். உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பாதீர்கள்.