அண்ணியின் இடுப்புச் சாவி

என் அண்ணி பதினொரு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். வண்டியை விட்டு இறங்கினால் முதல் வேலை, சாவியை உருவி இடுப்பில் செருகுவதுதான். எப்போதோ டயருக்குக் காற்றடிக்கிற இடத்தில் எவனோ வண்டியைக் கிளப்பப் பார்த்தானாம். அன்று பிடித்த பழக்கம், எங்கள் வீட்டு வாசலில்கூட விடாது.

அந்தக் காருக்குத்தான் கேடு வந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது, என்ஜின் உதறியது. "உள்ள இருக்கற கம்ப்யூட்டரே போச்சும்மா, வந்த விலைக்குத் தள்ளி விட்டுடுங்க" என்று மெக்கானிக் கைவிரித்தார். ஞாயிறு நாலு மணிக்குப் புரோக்கர் வருவதாக ஏற்பாடு. அண்ணி மூன்று நாள் என்னைக் கிண்டல்கூடச் செய்யவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கும் என் அண்ணன் காரை வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஒரு கேபிளும், அதற்கான சாஃப்ட்வேர் சிடியும் வாங்கிவந்தான். "கம்ப்யூட்டர் போச்சான்னு கம்ப்யூட்டரையே கேட்டுடுவோம்!"

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரோ மேசையை விட்டு நகராத பெரிய பெட்டி. அதனால் ஞாயிறு காலை அண்ணி காரை ஜன்னலை ஒட்டி நிறுத்தினார். என் பூந்தொட்டிகள் இரண்டு நசுங்கின. ஸ்டியரிங்குக்கு அடியில் கேபிளின் ஒரு முனை, ஜன்னல் கம்பி வழியாக அண்ணனிடம் மறுமுனை. கேபிளில் சிவப்பு விளக்கும் எரிந்தது. அண்ணி இறங்கி ஜன்னலோரம் நின்றார்.

திரையில் வந்தது: இணைப்பு இல்லை.

"அங்க எல்லாம் ரெடியா?" என்று அண்ணன் உள்ளிருந்து கேட்டான்.

"எல்லாம் ரெடிங்க."

அண்ணன் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினான். ஒவ்வொரு போர்ட் எண்ணாக மாற்றிப் பார்த்தான். மூன்றாவது முறை ஏற்றியபோது கேபிள் விற்றவனின் பரம்பரையையே திட்டினான். மணி ஒன்று.

"விடுங்க, போதும்" என்று அண்ணி காரிலிருந்த தன் சாமான்களை எடுக்கத் தொடங்கினார். முதுகுத் தலையணை, தண்ணீர் பாட்டில், துடைக்கிற துணி. அப்போது புரோக்கர் போன் செய்து, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டார். மீட்டரைப் பார்க்க அண்ணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் போட்டுத் திருப்பினார்.

உள்ளே அண்ணன் அலறினான். "வந்துடுச்சு! பேசுது!"

சாவி திரும்பாமல் காரின் கம்ப்யூட்டர் விழிக்காது என்பது அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது.

"ரெடின்னு சொன்னியே!"

"இறங்கினா சாவிய எடுக்காம என்ன செய்வாங்களாம்?"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். போய்விட்டதாக மெக்கானிக் சொன்ன கம்ப்யூட்டர் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது: நாலாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. அண்ணி போனட்டைத் திறந்து, நாலாவது சிலிண்டருக்குப் பொறி தருகிற இக்னிஷன் காயிலை முதலாவதிலும், முதலாவதை நாலாவதிலும் மாற்றிப் பூட்டினார். கொஞ்ச நேரம் ஓடவிட்டதும் புகார் முதலாவது சிலிண்டருக்கு மாறியது.

"காயில்தான் திருடன்!" என்று அண்ணி செருப்புகூடப் போடாமல் உதிரிபாகக் கடைக்கு ஓடினார். மூன்றரைக்குள் புதுக் காயில் ஏறியது. அண்ணன் ஒரு பட்டனை அழுத்தினான், மஞ்சள் விளக்கு அணைந்தது. மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அண்ணிக்கு வந்தது.

சரியாக நாலு மணிக்குப் புரோக்கர் பஸ்ஸில் வந்து இறங்கினார். "ஏறுங்கண்ணே" என்றார் அண்ணி. நானும் முன்னால் தொற்றிக்கொண்டேன். இரண்டு தெரு தாண்டியதும் புரோக்கர் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே ஓடுது, எதுக்கும்மா விக்கறீங்க?" என்றார்.

"யாரு விக்கறாங்க? உங்கள பஸ் ஸ்டாண்டுல விடப்போறேன்."