புள்ளியில் தொடங்கும் கோப்புறை

தைவானின் துறைமுக ஊரான கீலுங்கில் மழை விடட்டும் என்று ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால் அந்த வேலை நடக்கவே நடக்காது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, காலைக் கஞ்சியைக் குடித்த கையோடு, லியென் சூ-சென் தன் அக்காவின் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

வயது ஐம்பத்தெட்டு. துறைமுகத்துச் சரக்கு அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவள். கல்யாணம் கூடிவரவில்லை, அக்கா சூ-யூனுக்கும்தான். நாலாம் மாடி வீட்டில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஒன்றாக இருந்தார்கள். போன குளிர்காலத்தில் அக்கா இறந்துபோனாள்.

மீன் வியாபாரிகள் சங்கத்துக்குச் சுற்றறிக்கை தட்டச்சு செய்து கொடுத்தவள் அக்கா. லினக்ஸ் இயங்குதளம் தவிர வேறெதையும் தன் கணினிப் பெட்டியில் ஏற்றவிடமாட்டாள். "கண்டவன் கதவைத் தட்டாம உள்ள வந்து அப்டேட் பண்ணிட்டுப் போக இது என்ன சத்திரமா?" என்பாள்.

அந்தப் பெட்டி இரண்டு வாரமாக நினைத்த இடத்தில் உறைந்து நின்றது. புதிதாக நிறுவிவிடச் சொன்னான் கணினிக் கடைக்கார காவ். செய்முறையெல்லாம் அக்காவின் நோட்டில் எழுதியிருந்தது. சூ-சென் ஒரு வரி விடாமல் செய்தாள். படங்கள், கடிதங்கள், சுற்றறிக்கைகள் எல்லாவற்றையும் நகல் எடுத்தாள். வன்வட்டில் இருந்ததையெல்லாம் துடைத்தாள், லினக்ஸை மறுபடி நிறுவினாள். கடிகாரம் சரியானது. பிரிண்டர் மூன்றாவது அதட்டலுக்குப் பணிந்தது. கடைசியாகச் சீன எழுத்துக்கான மென்பொருள். சொல்லின் ஒலியைத் தட்டினால் அது அந்த ஒலியில் தொடங்கும் சொற்களை வரிசையாகக் காட்டும். நாம் அடிக்கடி எடுப்பதை நினைவில் வைத்து முதலில் நீட்டும்.

அந்த நினைவு முழுக்க அக்காவுடையது. தங்கையை அவள் ஹே-ஆ என்பாள், இறால்குட்டி. சின்ன வயதில் சுருண்டு படுத்துத் தூங்கியதால் வந்த பெயர். ஊர்ப் பேச்சுமொழியான ஹொக்கியன் சொல் என்பதால் கணினிக்குத் தெரியாது, அக்காதான் கற்றுக்கொடுத்தாள். 'ஹே-ஆ, சூப்பு அடுப்புல இருக்கு' என்று திரையில் எழுதிவைத்துவிட்டுத்தான் வெளியே போவாள். அவள் போன பிறகு சூ-சென் தண்ணீர் வாரியத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தாலும், 'ஹ' என்று தட்டியதும் முதல் ஆளாக ஹே-ஆ வந்து நிற்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதற்காகவே புகார் எழுதினாள். அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் இல்லை.

இப்போது 'ஹ' தட்டினாள். 'நல்ல', 'மிக', 'குடி' என்று வந்தன. அவள் பெயரைக் காணோம். காவைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"புள்ளியில ஆரம்பிக்கிற கோப்புறையெல்லாம் எடுத்தீங்களா அக்கா?"

"என்ன புள்ளி? கண்ணுல பட்டதையெல்லாம் எடுத்தேனே."

"அது கண்ணுல படாது. பேருக்கு முன்னால புள்ளி இருந்தா லினக்ஸ் மறைச்சு வச்சிடும். கன்ட்ரோல், எச் ரெண்டையும் சேர்த்து அமுக்கினாத்தான் காட்டும். அந்த மென்பொருளோட நினைவெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும்."

"எங்கக்கா அத எழுதி வைக்கலையே!"

"அவங்களுக்கு அது மூச்சு விடுற மாதிரி. மூச்சு விடணும்னு யாராவது எழுதி வைப்பாங்களா?"

"திரும்ப எடுக்க முடியுமா தம்பி?"

"வட்டைத் துடைச்சு, அதுமேலயே எழுதியாச்சே. பெட்டி தலையில பச்சைப் பொட்டலம் வச்சிருந்தீங்கதானே?"

ஊரில் எந்தக் கணினியும் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் அதன் தலையில் பச்சைப் பொட்டலச் சோளப்பொரி இருந்தாக வேண்டும் என்பது நம்பிக்கை; அந்தப் பொரியின் பெயருக்கே 'சொன்ன பேச்சைக் கேள்' என்றுதான் பொருள். சூ-சென் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா வாங்கி வைத்ததுதான் இருந்தது. தேதி முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று அவனிடம் சொன்னாள்.

"பழசா? அதான் பழிவாங்கிடுச்சு!" என்று சிரித்தான் காவ். இவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினான். "நீங்களே அதுக்கு அந்தப் பேரைச் சொல்லிக்குடுங்கக்கா. நாலு தடவை சொன்னா கத்துக்கும்."

கீழே கடைக்குப் போய்ப் புதுப் பொட்டலம் வாங்கி வந்து வைத்தாள். பிறகு நீண்ட பட்டியலில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து ஹே-ஆ என்று எழுதினாள். அந்தப் பெயரை அவள் தன் கையால் எழுதுவது அதுதான் முதல் தடவை. தன்னைத் தானே யார் கூப்பிடுவார்கள்? கூச்சமாக இருந்தது. மறுபடி எழுதினாள், மறுபடியும் எழுதினாள். அழுகை வந்தது; துடைத்துக்கொண்டு எழுதினாள்.

மத்தியானம், மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதத் தொடங்கினாள். 'ஹ' தட்டினாள். ஹே-ஆ முதலில் வந்தது.

"என்னக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் சூப்பு இல்லை.