அம்பாள் மூக்கில் விழ இருந்த கம்பி

நான் ஓவியப் பள்ளி மாணவன். படிப்பு முடிந்ததும் பத்திரிகையில் படம் போடும் வேலைக்குப் போக ஆசை. போன பங்குனியில் தேனாம்பேட்டைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், மயிலை அம்பாள் தேரை நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து வரைந்து தரச் சொன்னார். பிடித்தால் வேலை தருவதாகவும் சொன்னார்.

ஐந்து நாள் குனிந்தபடியே வரைந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அம்பாள் முகத்தைப் பெரிதாக, சரியாக நடுவில் வைத்தேன்.

மாதிரிக்கு ஒரு தாள் அச்சாகி பைண்டர் காதர் பாயிடம் போயிற்று. அவர் மடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சார் இது? கம்பி அம்மன் மூக்குமேலயே குத்துது. இத்த நான் தைக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோ."

மடிப்பில் இரண்டு கம்பி அடித்துத்தான் இதழைத் தைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வரையும்போது நினைவில்லை, அவ்வளவுதான்.

"நல்ல வேளை, ஒரு தாளோட போச்சு. நாளன்னிக்குள்ள வேற படம் வேணும்" என்றார் ஆசிரியர். அழக்கூட எனக்குத் தெம்பில்லை.

மறுபடி வரைந்தேன். அம்பாள் இடப்பக்கம் நகர்ந்தாள். கம்பி தேர்வடத்தில் விழுந்தது. வேலையைப் பற்றி இன்னும் பதில் இல்லை.

இப்போதெல்லாம் தாளை மடித்து, கம்பி விழும் இரண்டு இடத்திலும் ஊசியால் குத்திவிட்டுத்தான் பென்சிலை எடுக்கிறேன். வகுப்பில் வாழைப்பழம் வரைந்தாலும் அப்படித்தான். "உன் தாளில் மட்டும் ஏன் ஓட்டை?" என்று கேட்காதவர் இல்லை. பதில் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. நீங்கள் இதைப் பிரசுரித்தால் வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுவேன்.